சக ஊழியரின் காரில் இடித்தால் யார் தருவது, எவ்வளவு? ‘பரவாயில்ல’ என்பது ரசீது அல்ல

ஷிப்ட் மாறும் நேரம். ஒரு கூட்டம் உள்ளே வருகிறது, இன்னொரு கூட்டம் வீட்டுக்குக் கிளம்புகிறது. அவசரத்தில் பைக்கைத் திருப்பும்போது பக்கத்தில் நிற்கும் காரின் கதவில் ஹேண்டில் பார் நீளமாகக் கோடு போட்டுவிடுகிறது. கார் யாருடையது என்று இடித்தவருக்குத் தெரியும். அதே செக்‌ஷன்காரர். அவரிடம் போய்ச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும்: “அட, பரவாயில்ல, விடுங்க.”

அதோடு விஷயம் முடிந்ததா? பல நேரங்களில் முடிவதில்லை. சொன்னவர் தினமும் கார் கதவைத் திறக்கும்போது அந்தக் கோட்டைப் பார்க்கிறார். கேட்டவர் ‘அவரே விடுங்கன்னு சொல்லிட்டாரே’ என்று மறந்துபோகிறார். ஆறு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு லீவு விஷயத்தில் இருவருக்கும் உரசல் வருகிறது. அதன் வேர் அந்தக் கார் கதவில் இருக்கிறது.

கல்யாண மொய்யை நோட்டுப் போட்டு ரூபாய் சுத்தமாக எழுதி வைக்கும் ஊர் இது. ஆனால் பம்பர் உடைந்தால் மட்டும் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சம். இதற்கு நல்ல தமிழ்ச் சொல்லே இருக்கிறது: முகதாட்சண்யம். இடித்தவர் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் போவதற்கும், உரிமையாளர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

நெய்வேலியில் இது ஏன் பெரிய விஷயம்?

சென்னையில் ஆபீஸ் முடிந்தால் ஒருவர் தாம்பரம் போவார், இன்னொருவர் அம்பத்தூர் போவார். மனஸ்தாபம் இருந்தாலும் மறுநாள் காலை வரை இடைவெளி உண்டு. நெய்வேலி அப்படி இல்லை. 1956-ல் தொடங்கி, 2016 முதல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்ற பெயரில் இயங்கும் பொதுத்துறை நிறுவனத்தைச் சுற்றி உருவான நகரியம் அது. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய குவார்ட்டர்ஸ். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ பக்கத்தில் வேலை பார்ப்பவரே பக்கத்து வீட்டுக்காரராகவும் இருப்பார். பிள்ளைகள் ஒரே பள்ளி, மளிகை ஒரே கடைவீதி, கோயில் திருவிழாவும் ஒன்று.

அதனால் இங்கே சக ஊழியரோடு ஏற்படும் சின்னக் கசப்புக்கு வடிந்து போக இடமே இல்லை. காரில் விழுந்த கோடு தெருவில் நிற்கும், இரண்டு குடும்பமும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐ.டி. பார்க், ராணுவக் குடியிருப்பு, பல்கலைக்கழக வளாகம் என்று வேலையும் வீடும் ஒட்டியிருக்கும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

முதல் கடமை: சொல்வது

யாரும் பார்க்கவில்லை என்று நழுவிவிடுவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, சட்டப்படியும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 134-வது பிரிவு, விபத்தில் ஆளுக்குக் காயம் ஏற்பட்டால் மட்டும் பேசவில்லை. இன்னொருவரின் பொருளுக்குச் சேதம் ஏற்பட்டாலும் ஓட்டியவருக்குக் கடமை இருக்கிறது என்கிறது. போலீஸ்காரர் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் முடிந்தவரை சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் நின்று பெயர், முகவரி கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். ஜெர்மனி இன்னும் கறார். வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டைச் சொருகிவிட்டுப் போனால் போதாது. உரிமையாளர் வருவதற்கு நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு கீறலுக்காக ஸ்டேஷனுக்குப் போவது இங்கே நடைமுறையில் இல்லை. ஆனால் உரிமையாளரிடம் அன்றைக்கே சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். மூன்றாவது ஆள் வழியாக அவருக்குத் தெரியவரும் முன்பு சொல்லிவிட வேண்டும். செக்யூரிட்டி கேமராவில் பார்த்த பிறகு சொல்லப்படும் ‘ஸாரி’க்கு மதிப்பு இல்லை.

“இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?” என்று ஏன் கேட்கக் கூடாது?

இடித்தவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் வாக்கியம் இது. இதன் அர்த்தம்: ‘உன் செலவை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள்.’ கணக்குப் போட்டால் அது உண்மையில்லை என்று தெரியும்.

கார் பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று ‘தேர்ட் பார்ட்டி’. இந்த வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது, சட்டப்படி கட்டாயம். இன்னொன்று ‘ஓன் டேமேஜ்’. சொந்த வண்டியின் சேதத்துக்கானது, விருப்பம் இருந்தால் எடுப்பது. கார் உரிமையாளர் தன் ஓன் டேமேஜ் பாலிசியில் கிளெய்ம் செய்தால் அவர் கையிலிருந்து மூன்று வழியில் பணம் போகிறது.

முதலாவது, கட்டாயக் கழிவு. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாயும் உரிமையாளரே ஏற்க வேண்டும்.

இரண்டாவது, தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத்தான் கம்பெனி தரும். இன்றைய கார்களில் பம்பர் பிளாஸ்டிக். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள்: நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் காருக்கு 35 சதவீதம், ஐந்திலிருந்து பத்து வயது வரை 40 சதவீதம். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ எடுத்தவர்களுக்கு இந்த வெட்டு விழாது.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: நோ கிளெய்ம் போனஸ். ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் ஆகும். நடுவில் ஒரே ஒரு கிளெய்ம் போட்டால், போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இல்லாவிட்டால், மறுபடி பூஜ்யம்.

ஓர் உதாரணக் கணக்கு பார்க்கலாம். ஒருவரின் ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாததால் அவர் கட்டுவது 5,000. பம்பர் 4,000, கூலி 2,000, ஆக மொத்தம் 6,000 ரூபாய்க்கு ரிப்பேர். கிளெய்ம் போட்டால் பம்பரில் பாதி 2,000 போகும், கட்டாயக் கழிவு 1,000 போகும். கைக்கு வருவது 3,000.

இப்போது மறுபக்கம். அடுத்த பிரீமியத்தில் தள்ளுபடி இல்லை, 5,000 கூடுதல். அதற்கடுத்த வருடங்களில் 3,000, 2,500, 1,500, 500 என்று கூடுதலாகக் கட்டினால்தான் பழைய 50 சதவீதத்துக்குத் திரும்ப முடியும். மொத்தம் 12,500. கார் பழசாக ஆகப் பிரீமியம் குறையும், வரியும் உண்டு என்பதால் நிஜத்தில் தொகை கொஞ்சம் மாறும். ஆனால் 3,000 வாங்கப் போய் அதைவிடப் பல மடங்கை இழக்கிறார் என்பது மாறாது.

ஆக, சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடச் சொல்வது உதவி இல்லை. தன் செலவை அவர் தலையில் தவணை முறையில் கட்டுவது.

இடித்தவரின் தேர்ட் பார்ட்டி பாலிசி உதவாதா?

உதவும், ஆனால் கீறலுக்கு அல்ல. வழக்கமான பாலிசியில் மற்றவரின் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்குக் காருக்கு 7.5 லட்சம் ரூபாய் வரையும், டூவீலருக்கு 1 லட்சம் வரையும் பாதுகாப்பு உண்டு. பிரீமியத்தைக் கொஞ்சம் குறைப்பதற்காக அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டவர்களும் இருப்பார்கள். பாலிசியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இந்த வழியில் பணம் பெற போலீஸ் பதிவு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று போக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் ஒரு பம்பருக்காக யாரும் போக மாட்டார்கள். ஆனால் சேதம் லட்சத்தில் என்றால் இது சரியான வழி. அப்போது கார்க்காரர் போலீஸில் எழுதிக் கொடுத்தால், “என் மேலேயே கம்ப்ளெயின்ட்டா?” என்று இடித்தவர் முகத்தைத் திருப்பக் கூடாது. பிரீமியம் கட்டியதே இதற்காகத்தான்.

டூவீலர்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி பாலிசி சேர்ந்தே வருகிறது. காருக்கு மூன்று வருடம். ஐந்து வருடம் முடிந்ததே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் முதல்முறை பிடிபடும்போது 2,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிட முக்கியம், அன்று இடிக்கும் எதற்கும் முழுப் பணமும் சொந்தப் பையிலிருந்துதான்.

சரி, எவ்வளவு தருவது?

விதி ஒன்றே ஒன்றுதான்: கார்க்காரர், இடிபடுவதற்கு முன்பு இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் குறைவாகவும் வேண்டாம், அதிகமாகவும் வேண்டாம்.

சின்னச் சேதம் என்றால் முழு பில்லையும் இடித்தவர் கட்டுவதே நியாயம். பெரிய சேதம், கிளெய்ம் போட்டே ஆக வேண்டும் என்றால், காப்பீடு தராத பகுதியை இடித்தவர் ஏற்க வேண்டும். கட்டாயக் கழிவு, தேய்மான வித்தியாசம், போனஸ் போனதால் அடுத்த பிரீமியத்தில் கூடும் தொகை ஆகிய மூன்றும் அதில் சேரும். மூன்றாவதைச் சேர்த்துத் தருபவர்கள் குறைவு. அதனால்தான் அதைத் தருபவரை யாரும் மறக்க மாட்டார்கள்.

எங்கே ரிப்பேர் செய்வது என்பது உரிமையாளரின் முடிவு. “எனக்குத் தெரிஞ்ச டிங்கர் இருக்கார், பாதி ரேட்டுல முடிச்சிடுவார்” என்று யோசனை சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. வாரன்ட்டி இருக்கும் கார் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போகும். அதே நேரம், ஒரு கதவில் விழுந்த கோட்டுக்காக முழுப் பக்கமும் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்க நினைத்தால், அந்தக் கூடுதல் உரிமையாளரின் கணக்கு. பழைய நசுங்கலை இந்த பில்லில் சேர்ப்பதும் சரியல்ல. அன்றைக்கே நாலு போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சே வராது.

எட்டு வருடக் காருக்குப் புது பம்பர் போடும்போது, “பழசுக்குப் புதுசு கிடைக்குதே, பாதி நீங்க போடுங்க” என்பவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. உரிமையாளர் புது பம்பர் வாங்கும் திட்டத்தில் இல்லை. வாங்க வைத்தது இடித்தவர்தான்.

இரவல் வாங்கிய காரில் அடிபட்டால்?

இதற்கு 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அப்போது காருக்குப் பதில் குதிரை. தன் குதிரையை ஒருவர் இன்னொருவருக்கு, அவர் மட்டும் சவாரி செய்யக் கொடுக்கிறார். வாங்கியவர் தன் குடும்பத்தில் ஒருவரை ஓட்ட விடுகிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. யார் பொறுப்பு? இரவல் வாங்கியவர்தான் என்கிறது 154-வது பிரிவின் உதாரணம். அடுத்த உதாரணம் இன்னும் சுவாரசியம். காசிக்குப் போவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்த குதிரையில் கட்டாக் போனால், வழியில் தற்செயலாக அடிபட்டாலும் எடுத்தவரே பொறுப்பு.

இதை அப்படியே நெய்வேலிக்குக் கொண்டுவரலாம். வடலூர் வரை என்று வாங்கிய காரை சென்னை வரை ஓட்டினாலோ, மச்சான் கையில் கொடுத்தாலோ, ‘என் மேல தப்பே இல்ல’ என்ற பேச்சுக்கு இடமில்லை. சொன்னபடி, தானே, கவனமாக ஓட்டியவர் நிலைமை வேறு. சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனமாக இருந்தால், தனியாக ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது, சட்டம் அவரைப் பொறுப்பாக்குவதில்லை.

ஆனால் சட்டம் விட்டுவிட்ட இடத்தில் மரியாதை தொடங்குகிறது. ஓசியில் வண்டி வாங்கியவர், யார் தப்பாக இருந்தாலும் முதலில் பில்லை ஏற்க முன்வர வேண்டும். டேங்க்கை நிரப்புவது, ஃபாஸ்டேக்கில் கழிந்த சுங்கக் கட்டணம், பின்னால் உரிமையாளர் பெயருக்கு வரும் டிராஃபிக் சலான் எல்லாம் அவர் கணக்கு.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. பொருளில் தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லியே கொடுக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 150-வது பிரிவு. பிரேக் கொஞ்சம் வீக் என்று தெரிந்தும் சொல்லாமல் சாவி கொடுத்தவர் பில்லை நீட்ட முடியாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதும் அவமானப்படுத்துவது ஆகாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.

உரிமையாளரே, “தம்பி, எனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி வரைக்கும் நீ ஓட்டு” என்று கேட்டு ஓட்டினால் கணக்கு தலைகீழ். உதவி செய்தவரிடம் பம்பருக்குக் காசு வாங்குவது அழகல்ல.

யார் மேலும் தப்பில்லாத சேதமும் உண்டு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நெய்வேலியில் மரங்கள் சாய்ந்ததை அந்த ஊர் மறக்காது. அப்படிப் பக்கத்து வீட்டு மரம் காரின் மேல் விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பில் நீட்டுவதில் நியாயமில்லை. ஓன் டேமேஜ் பாலிசி புயல் சேதத்துக்குப் பொறுப்பேற்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் வராது.

பதவி பில்லை மாற்றுமா?

மாற்றக் கூடாது. ஆனால் மாற்றுகிறது. ஒரே கேட்டுக்குள் அதிகாரி, நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று எல்லோரும் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் ஒன்றல்ல, கேட்கும் தைரியமும் ஒன்றல்ல.

அதிகாரியின் கார் ஒப்பந்தத் தொழிலாளியின் பழைய டூவீலரைச் சாய்த்துவிட்டால், அவர் வந்து கேட்க மாட்டார். “பரவாயில்ல சார்” என்றுதான் சொல்வார். அவர் ‘சார்’ என்று சொல்லும் இடத்தில் ‘பரவாயில்ல’ என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அந்த வண்டிதான் அவரை ஷிப்டுக்குக் கொண்டுவருகிறது. மூன்று நாள் மெக்கானிக் ஷெட்டில் நின்றால் அவர் எப்படி வருவார்? ரிப்பேர் காசோடு அந்த மூன்று நாள் ஆட்டோ செலவையும் சேர்த்து, அவர் கேட்காமலே, அன்றே தருவதுதான் முறை.

திருப்பி யோசித்தால், ஒப்பந்தத் தொழிலாளியின் வண்டி அதிகாரியின் காரில் கோடு போட்டிருக்கிறது. பில் அவருடைய பல நாள் கூலியாக இருக்கலாம். அப்போதும் தருவதாகச் சொல்வது அவர் கடமை. அதை அவர் சொல்வதற்கு முன்பே தடுப்பதும் மரியாதை இல்லை. கேட்டுக்கொண்டு, ஒரு பகுதியை மட்டும் வாங்கலாம், மாதாமாதம் தரச் சொல்லலாம், அல்லது முழுக்க விட்டுவிடலாம். விடுவதென்றால் முழுசாக விட வேண்டும். ‘அன்னைக்கு நான் உன்கிட்ட காசு வாங்கல’ என்று பிறகு ஓவர்டைம் கேட்கும்போது ஞாபகப்படுத்துவது, விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வட்டிக்கு விட்டதாகத்தான் ஆகும்.

எப்படிப் பேசுவது?

இடித்தவர் சொல்ல வேண்டியது மூன்று வரி: “அண்ணே, உங்க கார்ல என் வண்டி உரசிடுச்சு. நான்தான் இடிச்சேன். எங்க காட்டணுமோ காட்டுங்க, பில்லை நான் பாத்துக்கறேன்.” ‘நீங்க கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம்’ என்ற நாலாவது வரி வேண்டாம்.

‘பரவாயில்ல’ என்று பதில் வந்தால் இன்னொரு முறை கேட்க வேண்டும். அன்றே அல்ல, இரண்டு நாள் கழித்து. “டிங்கர்கிட்ட காட்டினீங்களா, எவ்வளவு சொன்னார்?” என்று. முதல் ‘பரவாயில்ல’ பழக்கத்தில் வருவது. யோசித்த பிறகு வரும் இரண்டாவதை நம்பலாம்.

உரிமையாளருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பணம் வேண்டும் என்றால் தொகையைச் சொல்ல வேண்டும். “பாத்து ஏதாவது குடுங்க” என்பது இருவருக்குமே சங்கடம். குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்று ஒருவரும், ஏமாந்துவிட்டோமோ என்று இன்னொருவரும் யோசித்துக்கொண்டே இருப்பார்கள். “2,400 ஆச்சு தம்பி, பில் அனுப்பறேன்” என்பதில் எந்தக் கேவலமும் இல்லை.

பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பலாம், எதற்கு என்று அதிலேயே ஒரு வார்த்தை எழுதலாம். ஒரே தடவையில் முடியாவிட்டால் ‘அப்புறம் தரேன்’ என்பதற்குப் பதில் சம்பளத் தேதியைச் சொல்ல வேண்டும். செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் கார் போட்டோவைப் போட்டு ‘யார் வேலை இது?’ என்று கேட்பது கடைசி வழியாக இருக்கட்டும். பணம் கைமாறிய பிறகு அந்தக் கதையை இருவரும் கேன்டீனில் சொல்லிச் சிரிப்பதோ, சொல்லிக் காட்டுவதோ வேண்டாம்.

இத்தனையும் ஒரு கோட்டுக்காகவா என்று தோன்றலாம். பெயின்ட் செலவு சில ஆயிரம். ஆனால் குவார்ட்டர்ஸில் அடுத்த இருபது வருடம் எதிர்வீட்டு விளக்கு யாருடையது என்பது அலாட்மென்ட் ஆர்டரில் எழுதியிருக்கிறது. நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் தட்டப்போவது அந்தக் கதவைத்தான். அன்று தயங்காமல் தட்ட வேண்டும் என்றால், இன்று டிங்கர் பில்லைத் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும்.